ஒற்றை நாணய வலயமும் ஓர் இடியப்பக் கடையும்

பணிப்பாளர் நாயகம் பக்கீர் முகைதீன் ஐரோப்பாவில் ஒரு டொபி மிட்டாய் வாங்கியதால்தான் எங்கள் கரையோரம் இந்தக் கதிக்கு ஆளானது.

யாரோ ஒரு நன்கொடை நிறுவனத்தின் செலவில் அவர் கல்விச் சுற்றுலா போயிருந்தார். காலையில் ஒரு நாட்டில் கோப்பி குடித்தார். மிச்சக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார். மத்தியானம் வேறொரு நாட்டில் இறங்கி, அதே மிச்சக் காசை நீட்டி ஒரு டொபி கேட்டார். கடைக்காரி ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்த இடத்திலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். பொருளாதாரம் படுத்துக்கிடந்த வருடம் முடிந்து நாங்கள் அப்போதுதான் எழும்பி உட்கார்ந்திருந்தோம். அவர் ஊர் திரும்பிய கையோடு ஒரு திட்டம் எழுதினார். நன்கொடை நிறுவனத்துக்கும் அந்த வருடத்துப் பணத்தை வருடம் முடிவதற்குள் எப்படியாவது செலவழித்தாக வேண்டியிருந்தது. கரையோர ஒற்றை நாணய வலய அதிகார சபை பிறந்ததும் அவர் அதன் பணிப்பாளர் நாயகம் ஆனதுமான வரலாறு இவ்வளவுதான்.

தொடக்கக் கூட்டம் கல்முனையில் நடந்தது. சிற்றுண்டி சுல்பிகாவின் பொறுப்பு. கல்முனைக்குடியில் சின்னதாக ஓர் இடியப்பக் கடை வைத்திருக்கிறவர் அவர். கணவர் ஷரிபுதீனுக்குக் கடலில் இடுப்பு அடிபட்ட நாளிலிருந்து அந்த வீட்டுச் சோறு அந்தக் கடையில்தான் வெந்துகொண்டிருந்தது. தட்டுகளை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, காசு எப்போது தருவார்கள் என்று யோசித்தபடி அவர் கதவோரம் நின்றார்.

மேடையில் பக்கீர் முகைதீன் பேசினார்.

"ஐரோப்பாவிலே இரண்டு உலக யுத்தம் செய்து ஒருவரையொருவர் கொன்று குவித்த நாடுகள், இன்று ஒரே நாணயத்தில் டொபி வாங்குகின்றன. கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் ஏன் வாங்க முடியாது? மருதமுனையும் பெரியநீலாவணையும் ஏன் வாங்க முடியாது? பாலமுனை என்ன பாவம் செய்தது?"

பின்வரிசையில் பெரியநீலாவணை கேதீஸ்வரன் எழும்பினார். மீன் வான் ஓட்டுகிறவர். நினைத்ததைச் சொல்லிவிடுகிற ஆள்.

"சேர், இப்பவும் வாங்கலாந்தானே? கல்முனைக்குடியில தாற மிச்சக் காசு எங்கட ஊரிலயும் செல்லும், பாலமுனையிலயும் செல்லும். எல்லா இடமும் ஒரே ரூபாதானே?"

பணிப்பாளர் நாயகம் அவரைப் பரிதாபத்தோடு பார்த்தார்.

"அது தற்செயல், தம்பி. நாங்கள் பேசுவது கொள்கை."

மண்டபம் கைதட்டியது. சுல்பிகாவும் கை சும்மா இருந்ததால் தட்டினார்.

இரண்டாவது கூட்டத்தில்தான் சிக்கல் தலைகாட்டியது. வரைவிலக்கண அதிகாரி என்று ஒரு பதவி உண்டாக்கி அதில் ஆகிலா என்ற பட்டதாரிப் பிள்ளையை நியமித்திருந்தார்கள். அந்தப் பிள்ளை எழும்பி வாசித்தது: "ஒற்றை நாணய வலயம் என்பது, தனித்தனி நாடுகள் பல, தமக்குள் ஒரே நாணயத்தைப் பயன்படுத்தும் பிரதேசமாகும்."

வாசித்துவிட்டு ஆகிலா தயங்கியது.

"சேர், இதில நாடுகள் எண்டு வருது. எங்களுக்கிட்ட இரிக்கிறது ஊருகள்."

புத்தியுள்ள எவரும் அந்த இடத்தில் கோப்புகளை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள். பக்கீர் முகைதீன் அப்படிப்பட்டவர் அல்லர்.

"வரைவிலக்கணத்தில் கை வைக்க முடியாது" என்றார். "அது நன்கொடையாளர் ஒப்புதல் கொடுத்த வரைவிலக்கணம். திருத்துவதென்றால் ஊர்களைத்தான் திருத்த வேண்டும். ஒன்றுசேர வேண்டுமென்றால் முதலில் பிரிந்திருக்க வேண்டும். இவ்வளவு காலமும் நாங்கள் சரியாகப் பிரியாமல் இருந்ததுதான் நமது ஒற்றுமைக்குப் பெரிய தடை."

எங்கள் ஊர்கள் பிரிவதில் பின்தங்கியவை என்று அதற்கு முன்பு யாரும் குற்றம் சாட்டியதில்லை. எந்தப் பிரதேச சபை எந்த ஊருக்கு, எந்த எல்லை எந்தக் கழிவுநீர்க் கானோடு என்று எங்களுக்குள் சண்டை உண்டுதான். மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டையைப் பிடித்து முடித்தவர்கள் ஒரே சந்தைக்குப் போய் ஒரே மீனைத்தான் விலை பேசினார்கள். காசை வாங்குமுன் உன் ஊர் எது என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு குறையையும் தீர்த்துவைக்க அதிகார சபை புறப்பட்டது.

ஊர்கள் அனைத்தும் "வலய நோக்கத்திற்கான நாடுகள்" என்று அறிவிக்கப்பட்டன. எல்லைக் கல்லுகள் வந்து இறங்கின. சுல்பிகாவின் வீடு சாய்ந்தமருதுப் பக்கம், கடை கல்முனைக்குடிப் பக்கம். நடுவில் சின்னச் சந்தாக ஓர் ஒழுங்கை. விடியற்காலையில் வீட்டில் மாப்பிசைந்து, பிழிந்து அடுக்கிய தட்டுகளைக் கூடையில் வைத்து ஒழுங்கையைக் கடந்து போய்க் கடையில் அவிப்பது அவர் வழக்கம். ஒரு நாள் காலை ஒழுங்கையின் நடுவில் ஒரு கதிரையும் குடையும் இருந்தன. கதிரையில் அஸ்பாக் இருந்தான். சுல்பிகாவை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்துத் தெருப் பொடியன். இப்போது வலயக் கண்காணிப்பாளர்.

"ராத்தா, கூடைக்குள்ள என்ன?"

"இடியப்பம் மனே. நேத்தும் நீ வந்து திண்டுட்டுப் போன அதே இடியப்பந்தான்."

"நேத்து அது உள்ளூர் உற்பத்தி. இண்டைக்கு இறக்குமதி."

"இன்னும் அவிக்கவே இல்லயேடா!"

"அப்ப மூலப்பொருள். அதுக்கு வேற கட்டணம்." அஸ்பாக் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான். "என்ன ஏசாதீங்க ராத்தா. எனக்கு விளங்கித்தான் செய்யிறன் எண்டு நினைக்கிறீங்களா?"

"அந்தச் சட்டிக்குள்ள சம்பல் இரிக்கி. அதுக்கும் வரியா?"

"சம்பல நான் காணல்ல" என்று அஸ்பாக் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் காலைச் சாப்பாடு வேண்டியிருந்தது.

அடுத்தது நாணயம். அதற்குக் கரை என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கத்தில் யாராவது கேட்டால் இதைப் பணம் என்று சொல்லக்கூடாது, பரிசோதனை வில்லை என்றே சொல்ல வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. வில்லையில் மீன் படம் போடுவதென்று முடிவானது. முடிவானவுடன் சபைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உயிருள்ள சீவனின் உருவத்தைப் பொறித்தால் முஸ்லிம் ஊர்களில் யாராவது மனம் புண்பட்டுவிட்டால்? ஒரு மௌலவியை அழைத்துக் கேட்டார்கள். அவர், "நான் ஒண்டும் சொல்லல்லயே, நீங்க எதுக்குக் கூப்பிட்ட?" என்றார். சொல்லவில்லை என்றால் சொல்லக்கூடும் என்றுதானே அர்த்தம் என்று சபை குறித்துக்கொண்டது. ஆகவே மீனுக்குப் பதில் கருவாடு வரையப்பட்டது. அதற்கு உயிர் இல்லை என்பதில் எல்லாரும் உடன்பட்டார்கள்.

பிறகு இன்னொரு பயம் வந்தது. பெரியநீலாவணையில் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கருவாட்டை எப்படிக் கையால் தொடுவார்கள்? கேதீஸ்வரனை அழைத்தார்கள்.

"வெள்ளிக்கிழமை நான் கருவாடு திங்கிறதில்லத்தான்" என்றார் அவர். "ஆனா சேர், வில்லையத் திங்கவா சொல்லுறீங்க?"

இந்தக் கேள்வி ஆழ்ந்த உணர்வின் வெளிப்பாடு என்று சபை கண்டது. வெள்ளிக்கிழமைக்கென்று கத்தரிக்காய் பொறித்த தனி வில்லை அடிக்கப்பட்டது. அது வெள்ளிக்கிழமை மட்டும்தான் செல்லும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகப் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும் என்பது அச்சடித்து முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மதிப்பைப் பற்றிக் குழப்பம் எதுவும் இல்லை. ஒரு ரூபா கொடுத்தால் ஒரு கரை கிடைக்கும். ஒரு கரை கொடுத்தால் ஒரு ரூபா கிடைக்காது. இதற்குப் பெயர் நாணய உறுதிப்பாடு.

வலயத்துக்குள் கடை வைத்திருக்கும் எவரும் கரையை வாங்க மறுத்தால் கடைக்குச் சீல் வைக்கப்படும் என்று அறிவித்தார்கள். சனம் சும்மா இருக்குமா? சம்பளத்தில் பாதியைக் கரையாகக் கொடுக்கத் தொடங்கிய முதலாளிமாரும் இருந்தார்கள். தலையில் கட்டியதை எல்லாம் சனம் கொண்டுவந்து சாப்பாட்டுக் கடையில்தான் இறக்கியது. சுல்பிகா காசு போட்டுவைக்கும் பிஸ்கட் டின் கருவாடும் கத்தரிக்காயுமாக நிரம்பியது. அவர் வாழ்நாளில் அவ்வளவு வியாபாரம் நடந்ததில்லை. அவர் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமும் வந்ததில்லை.

ஏனென்றால் அடுப்புக் கேஸ் முடிந்துவிட்டது. கேஸ் விற்கும் நஜீம் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக் கையில் கொடுத்தார்.

"ராத்தா, நான் கொழும்புக்கு ரூபா கட்டித்தான் சிலிண்டர் எடுக்கிற. கருவாட்ட அனுப்பினா அவன் சிலிண்டர் அனுப்புவானா?"

"உங்களுக்கும் சட்டந்தானே நஜீம்? வாங்காட்டிச் சீல் வைப்பாங்களே?"

"ஓம். அதுதான் நானே பூட்டிட்டு இரிக்கன். கதவுல பாருங்க."

சில நாள் சுல்பிகா சிரட்டையும் விறகும் வைத்து அவித்துப் பார்த்தார். கடைக்குள் புகை மூட்டம். இடியப்பம் புகை மணத்தது. வந்தவர்கள் இருமிக்கொண்டே எழும்பிப் போனார்கள். அரிசி மாக் கடைக்காரரும் கரைக்குத் தர முடியாது என்று கைவிரித்துவிட்டார். வீட்டில் ஷரிபுதீனின் மருந்தும் முடிந்துவிட்டது. இரவு அவர், "கடையப் பூட்டுவம் சுல்பிகா. என்ன செய்யிற?" என்றார். சுல்பிகாவுக்குக் கோபம் வந்தது. சீதனமாக வந்த கடை அல்ல அது. கைச்சங்கிலியை விற்று, கரண்டி கரண்டியாகச் சேர்த்து அவரே உண்டாக்கிய கடை.

மறுநாள் டின்னைத் தூக்கிக்கொண்டு கரையை ரூபாவாக மாற்றவென்று சபை பேருக்கு வைத்திருந்த கருமபீடத்துக்குப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் றினாஸ் இருந்தான். நல்ல பிள்ளை. பொய் சொல்ல வராது என்பதால் அவனை யாரும் வராத இடத்தில் இருத்தியிருந்தார்கள்.

"தம்பி, இத எடுத்துட்டு எனக்கு ரூபா தாங்க."

"ஏலா ராத்தா. வலயத்த விட்டு வெளியேறினாத்தான் ரூபா குடுக்கலாம்."

"நான் வெளியேறுறன். பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போயிட்டு வாறன்."

"ஆள் போனா அது பயணம் ராத்தா. நாடு வெளியேறினாத்தான் வெளியேற்றம். விதியில அப்பிடித்தான் இரிக்கி. வெளியேறுற நாட்டுக்கு அந்த இடத்திலயே முழு ரூபாவும் குடுக்கணும்."

சுல்பிகா கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"ஒரு நாடாகிறதுக்கு என்னென்ன வேணும் தம்பி?"

றினாஸ் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். "பேர் ஒண்டு. எல்லை ஒண்டு. பேர் எழுதின போட் பலகை ஒண்டு. கதைக்கிறதுக்கு ஒரு பிரதிநிதி."

"வேற ஒண்டும் வேணாமா?"

அவன் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சனம் வேணுமெண்டு ஒரு இடத்திலயும் போடல்ல ராத்தா."

அடுத்த நாள் விடியும்போது கடையைச் சுற்றி உடுப்புக் காயப்போடும் நைலோன் கயிறு கட்டியிருந்தது. முன்னால் ஒரு போட்: சுல்பிகா நாடு. கேதீஸ்வரன் வானை நிறுத்திவிட்டுக் கயிற்றுக்கு வெளியே நின்று சிரித்தார்.

"தங்கச்சி, உள்ள வரலாமா? விசா கிசா வேணுமா?"

"உங்களுக்கு வேணாம் அண்ணன். குனிஞ்சு வாங்க. தலையில கயிறு படும்."

அஸ்பாக் ஓடிப்போய் மேலிடத்துக்குச் சொன்னான். கடைக்குச் சீல் வைக்க ஆள் வருவார்கள் என்று சந்தை முழுக்கக் காத்திருந்தது. வந்தது வாழ்த்துச் செய்தி. வலயம் ஆரம்பித்து இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு புதிய நாடு தானாக முன்வந்து இணைந்திருக்கிறது, இது கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்று பக்கீர் முகைதீன் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் தையற்கடை ஒரு நாடானது. சலூன் ஒரு நாடானது. வெற்றிலைக் கடை நாடானது. அதன் எல்லைக்குள் ஓர் ஆள் குந்தியிருக்கத்தான் இடம் இருந்தது. நஜீம் பூட்டிய கதவிலேயே போட்டைத் தொங்கவிட்டு நாடானார். உறுப்பு நாடுகளின் எண்ணிக்கையில் ஐரோப்பாவை முந்திவிட்டோம் என்று அதிகார சபை அறிக்கை விட்டது. அதை நேரில் பார்த்து மகிழ நன்கொடையாளர்களைக் கூட்டிவர ஏற்பாடானது. சுல்பிகாவும் டின்னை மூடி வைத்துவிட்டு அந்த நாளுக்காகக் காத்திருந்தார்.

அவர்கள் வந்த அன்று சந்தைக்குள் பந்தல் போட்டிருந்தார்கள். சுல்பிகா நாட்டுக்கு நேர்முன்னால் கதிரைகள். வெள்ளைக்கார அம்மணி ஒருவரும் அவரோடு வந்தவர்களும் வியர்த்துக்கொண்டு இருந்தார்கள். பக்கீர் முகைதீன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்த மக்கள் முன்பு எப்படி இருந்தார்கள்? எந்த எல்லையும் தெரியாமல், யார் எந்த நாடு என்ற அறிவே இல்லாமல், கண்டபடி ஒருவரோடொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டு இருந்தார்கள். இன்று பாருங்கள்! ஓர் இடியப்பத்துக்குக்கூட இறக்குமதி ஆவணம் இருக்கிறது. இதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எத்தனை வெளிநாட்டுப் பயணம் போனேன்! என் குடும்பத்தையே பல தடவை கூட அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது."

அம்மணி ஆகிலாவிடம் ஏதோ சொன்னார். ஆகிலா சுல்பிகாவின் பக்கம் திரும்பியது. "ராத்தா, இந்த வலயம் எண்டா உங்களுக்கு என்ன அர்த்தம் எண்டு கேக்கிறாங்க."

சுல்பிகா டின்னோடு கயிற்றைத் தாண்டி வந்தார்.

"என்ன அர்த்தமா மகள்? பல நாடு, ஒரு காசு. நீங்கதான் வாசிச்சுக் காட்டின. எங்களுக்கிட்ட முந்தியே ஒரு காசுதான் இரிந்த. நாடுதான் இல்லாம இரிந்த. இவங்க வந்து எங்கள முதல்ல நாடு நாடாப் பிரிச்சாங்க, பிறகு ஒண்டாக்குறம் எண்டு கருவாட்டக் குடுத்து ரூபாவ வாங்கிட்டாங்க. எண்ட கேஸ் முடிஞ்சு. எண்ட மா முடிஞ்சு. எண்ட மனிசனுக்கு மருந்தும் இல்ல. டின் மட்டும் நிறைஞ்சு கிடக்கு. இதுதான் எனக்குத் தெரிஞ்ச அர்த்தம். ஒரு சொல்லும் விடாமச் சொல்லுங்க அவங்களுக்கு."

ஆகிலா ஒரு சொல்லும் விடாமல் சொன்னது. வரைவிலக்கண அதிகாரியாக அந்தப் பிள்ளை செய்த முதல் உருப்படியான வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சுல்பிகா டின்னைப் பணிப்பாளர் நாயகத்தின் முன்னால் மேசையில் வைத்தார்.

"சேர், சுல்பிகா நாடு வலயத்த விட்டு வெளியேறுது. உங்கட விதிப்படி இந்த இடத்திலயே ரூபா தாங்க."

பக்கீர் முகைதீன் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பல்லுக்குள் சொன்னார்: "றினாஸ், காசுப் பெட்டியைக் கொண்டு வா."

"பெட்டி இரிக்கி சேர். ரூபா இல்ல" என்றான் றினாஸ். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் அது சந்தை முழுக்கக் கேட்டது. "எல்லைக் கல்லு, குடை, கருவாட்டு அச்சு, கத்தரிக்காய் அச்சு எண்டு செலவாயிட்டு. மிச்சம் உத்தியோகத்தர் சம்பளம்."

"சம்பளமும் கரையிலதானே தந்திரிப்பீங்க?" என்று கேட்டார் கேதீஸ்வரன்.

"இல்லண்ணன். உத்தியோகத்தர்மார் வலயத்துக்காக வேலை செய்யிறவங்க, வலயத்துக்குள்ள வாழுறவங்க இல்ல. அவங்களுக்கு ரூபாதான். அதுவும் விதியில இரிக்கி."

அம்மணி தன் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுப் பணிப்பாளர் நாயகத்தை நேராகப் பார்த்தார். பக்கீர் முகைதீன் அவசரமாகப் பின்பக்கப் பைக்குள் கை விட்டுப் பேர்ஸை எடுத்தார். அது தடித்துக்கிடந்தது. ஒரு கருவாடுகூட அதற்குள் இல்லை. எல்லாம் ரூபாத் தாள். டின்னின் பெறுமதிக்கு மேலாகவே எடுத்து சுல்பிகாவின் கையில் திணித்தார்.

"இதோட முடிச்சுக்குவம் தங்கச்சி. வந்தவங்களுக்கு முன்னால என்ன அவமானப்படுத்தாதீங்க. எல்லாருக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்துங்க."

சுல்பிகா தனக்குரியதை எடுத்துக்கொண்டு மேலதிகத் தாள்களை டின்னின் மேல் வைத்தார். அடுப்படிக்குப் போய் வெற்றுச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கேஸ் இல்ல சேர். ரூபா இப்பதானே வந்திரிக்கி. எடுத்துட்டு வந்து ஊத்துறன். அதுவரைக்கும் பின்னால நிக்கிற இவங்களோட கதைச்சிட்டு இரிங்க."

பக்கீர் முகைதீன் திரும்பிப் பார்த்தார். பந்தலுக்குப் பின்னால் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் மருதமுனையும் பெரியநீலாவணையும் பாலமுனையும் ஆளுக்கொரு டின்னோடு வந்து ஒரே வரிசையில் நின்றுகொண்டிருந்தன. யார் எந்த நாடு என்று பார்த்தால் தெரியவில்லை. வரிசையைக் கண்காணித்தபடி முன்னால் அஸ்பாக் நின்றான். பேர்ஸை மூட வேண்டாம் என்று அவன் மிகவும் பணிவாகச் சொன்னான்.